ஓரத்துப் புள்ளி

கம்பெனியில் எல்லோரும் அவரை வேலிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மருத்துவமனை ஸ்கேன் கேமராக்களுக்குள் உட்கார்ந்து காமாக் கதிரை எண்ணுகிற படிகச் சில்லுகளை அந்தக் கம்பெனி செய்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, கருத்த, பளபளப்பான சில்லு. அதன் ஓரத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய தங்கக் கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டுக்கு வேலி என்று பெயர். அந்த வேலியோடு மல்லுக்கட்டியே மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது.

யாராவது தெரியாத்தனமாக "என்ன சார் வேலை பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு. பேருந்துக்கு நிற்கிறவரையும் விடமாட்டார். கதிர் வந்து சில்லில் மோதும், மோதிய இடத்தில் மின்னேற்றம் உதிரும். அதில் ஒரு பாதி சுறுசுறுப்பு. மின்னழுத்தம் தள்ளிய பக்கம் ஓடி வந்துவிடும். இன்னொரு பாதி சோம்பேறி. நடுவழியில் எங்கேயாவது சிக்கிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். அதனால்தான் சில்லின் ஒரு முகம் முழுக்கத் தங்கம் பூசி, மறு முகத்தில் மட்டும் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தங்கம் வைப்பது. சதுரம் சிறியதாக இருந்தால் தன் வாசலுக்கு ஓடி வந்தவனை மட்டும் எண்ணும், பின்னால் கிடக்கிற சோம்பேறியைக் கண்டுகொள்ளாது. "படிகம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். தங்கத்தை எங்க வைக்கிறோம், என்ன உருவத்துல வைக்கிறோம், அதுலதான் இருக்கு அத்தனையும்" என்று அவர் முடிப்பதற்குள் கேட்டவர் பேருந்து ஏறியிருப்பார்.

நடுவில் இருக்கிற சதுரங்களால் தொல்லை இல்லை. ஓரம்தான் வம்பு. வெட்டிய பக்கத்தின் வழியாக மின்சாரம் சொட்டுச் சொட்டாகக் கசியும். கசிவைப் பிடிக்கத்தான் வேலி. ஆனால் அந்த வேலி திருடனோடு சேர்த்துத் தெருவில் போகிறவனையும் பிடித்து உள்ளே போட்டுவிடும். ஓரத்துச் சதுரங்களுக்கு வரவேண்டிய நல்ல மின்னேற்றத்தையும் விழுங்கிவிடும். பாவம், ஓரத்துக்குக் குறைச்சலாக வருகிறதே என்று கம்ப்யூட்டர் அந்த எண்ணிக்கையை மட்டும் பெருக்கிக் காட்டும். பெருக்குகிறபோது சில நாள் கசிவையும் சேர்த்துப் பெருக்கிவிடும். அப்போது உடம்பில் ஒன்றுமே இல்லாத இடத்தில் படத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு புள்ளி விழும். ஓரத்துப் புள்ளி. கேமரா ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும், எல்லோரும் அதைத் திட்டுவார்கள், திட்டு மொத்தமும் கடைசியில் வேலிக்காரர் தலையில் வந்து விடியும்.

வேலியை அகலமாக்கிப் பார்த்தார், ஒடுக்கிப் பார்த்தார், மூலையை வளைத்துப் பார்த்தார். பத்துப் பதினோரு வருஷம் இப்படியே போயிற்று. கடைசியில் வேலியைச் சதுரங்கள் இருக்கிற முகத்திலிருந்தே எடுத்துவிட்டு, சில்லின் பக்கச் சுவரில் ஒரு பட்டையாக வைத்து, அதற்குத் தனி மின்னழுத்தம் கொடுத்தார். அந்தப் பட்டை மின்னேற்றத்தை விழுங்காமல் ஓரத்துச் சதுரத்தின் பக்கமாகவே திருப்பி விரட்டியது. கம்பெனி ஆய்வகத்தில் அது ஒழுங்காக வேலை செய்தது. மருத்துவமனையில் செய்யுமா என்பதுதான் பாக்கி.

கம்பெனியில் ஒரு விதி இருந்தது. சோதனைச் சில்லை எந்த மருத்துவமனையில், எந்தக் கேமராவில் மாட்டியிருக்கிறது என்று அதை வரைந்தவருக்குச் சொல்லக் கூடாது. விதியைக் கொண்டு வந்ததே வேலிக்காரர்தான். முன்பு ஒரு முறை இடம் தெரிந்துபோய், நாள் தவறாமல் போன் போட்டு "எப்படிங்க இருக்கு, நல்லாருக்கா?" என்று கேட்டார். இவர் தொல்லை தாங்காமல் அவர்களும் அருமை, பிரமாதம் என்று சொல்லி வைத்தார்கள். அந்தச் சில்லு பிறகு குப்பைக்குப் போனது. தன் பிள்ளைக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் வேலை இனி வேண்டாம் என்று அன்றைக்கே எழுதி ஆய்வகக் கதவில் ஒட்டினார். இப்போது தன் பக்கப்பட்டைச் சில்லுகள் எந்தக் கேமராவில் இருக்கின்றன என்று அவருக்கே தெரியாது.

வேலிக்காரரின் அக்காவுக்குத் தையல் தொழில். கீழே பள்ளிச் சீருடை தைக்கிற கடை, மேலே வீடு. அவள் கணவரான மாமா துணி வெட்டுவார், இஸ்திரி போடுவார். பேச்சு குறைவு, காதும் கொஞ்சம் மந்தம். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள். தம்பியின் தொழிலில் அவளுக்கு விளங்கியது ஒன்றே ஒன்று, அவனுக்கு ஓரம் சரியாக வரவில்லை என்பது. அது போதாதா அவளுக்கு?

"இவ்வளவு படிச்சு என்னடா பிரயோஜனம்? ஒரு ஓரம் அடிக்கத் தெரியல. என்கிட்ட மூணு மாசம் வேலைக்குச் சேரு" என்பாள். வாரம் தவறாமல் சொல்லுவாள். வேலிக்காரரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்.

முந்தின வருஷம் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்து எடுத்திருந்தார்கள். மருந்து, முடி கொட்டல், வாந்தி எல்லாம் பட்டு எழுந்து மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். "என்னைக் கொண்டு போக வந்தவனுக்கே ஒரு சட்டை தைச்சுக் குடுத்து அனுப்பிட்டேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு முதுகு வலிக்க ஆரம்பித்தது. நாள் முழுக்க மிஷினில் குனிகிறவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் மட்டும் சொல்லவில்லை. எலும்பு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்.

ஊசி போட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைத்தார்கள். ஊசியில் போன மருந்து எலும்பில் எங்கே குவிகிறதோ அங்கேயிருந்து காமாக் கதிர் வரும், கேமரா எண்ணும். நோய் எலும்புக்குப் போயிருந்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். போகவில்லை என்றால் தெரியாது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை.

கூட வந்த வேலிக்காரர் பக்கத்தில் நிற்க, அக்கா மேசையில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே தொங்கிய கேமராவைப் பார்த்தாள். "உன் சில்லெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கா?"

"ஆமாக்கா."

"கடிக்குமா?"

"பேசாம படுக்கா. அசைஞ்சா படம் கலங்கிடும்."

"அதானே, என் வாயை அடைக்கவே ஒரு மிஷின் கண்டுபிடிச்சிருக்கே."

படம் திரையில் வந்தது. எலும்புகள் எல்லாம் மங்கலாக, ஒரே சீராக இருந்தன. முதுகெலும்பில் மட்டும், நடுமுதுகுக்குக் கீழே, ஒரு புள்ளி. வேலிக்காரர் திரைக்குக் கிட்டே குனிந்தார். அடுத்த நொடி, புள்ளி எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தார். இரண்டு சில்லுகள் சேருகிற இடம். சரியாக ஓரம். உடம்பில் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் இளம்பெண், நிதானமானவர். திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே, "இது எனக்குப் பிடிக்கல. அவங்களைக் கொஞ்சம் கீழ தள்ளிப் படுக்க வச்சு இன்னொரு படம் எடுத்துரலாமா?" என்றார்.

புள்ளி உடம்பில் இருந்தால் உடம்போடு நகரும். சில்லில் இருந்தால் அங்கேயே நிற்கும். ஐந்தாறு நிமிஷ வேலை. ஆனால் அக்கா அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முதுகைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, வலிக்கவில்லை என்று காட்டுவதற்குப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி அந்தக் கட்டை மேசையில் அவளை ஏற்றவா?

"வேணாம் டாக்டர்," என்றார் வேலிக்காரர். "அது ஓரத்துப் புள்ளி. இதை நான் ஆயிரம் பாத்திருக்கேன். பழைய வேலி வச்ச சில்லு இப்படித்தான் காட்டும். அவங்களை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?"

கேமராவுக்குச் சில்லு செய்கிறவரே சொல்லுகிறார். டாக்டர் என்ன செய்வார்? கொஞ்சம் யோசித்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். ஆனா முதுகை மட்டும் வேற ஒரு ஸ்கேன்ல பாத்துருவோம். இந்த வாரமே வந்துருங்க" என்றார்.

அக்கா அந்த வாரம் போகவில்லை. பள்ளிகள் திறக்கப்போகிற சமயம். கடையில் சட்டையும் பாவாடையும் மலையாகக் குவிந்து கிடந்தன. "என் தம்பியே ஒண்ணுமில்லன்னுட்டான். மிஷினைச் செஞ்சவனைவிட மிஷினுக்கு ஜாஸ்தி தெரியுமா?" என்று மாமாவின் காதில் கத்தினாள். மாமாவும் தலையாட்டினார். டாக்டர் போன் செய்தபோதெல்லாம் பள்ளி திறக்கட்டும், வருகிறேன் என்றாள். வேலிக்காரர் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "மிஷினை விட்டா வலி போயிடும். மிஷினை விட்டா சோறும் போயிடும். எதைடா விடச் சொல்றே?" என்றாள். அவரும் வற்புறுத்தவில்லை. ஒன்றுமில்லை என்று சொன்னவரே இழுத்துக்கொண்டு போனால் அவள் பயந்துவிடுவாளே என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் புள்ளி நிஜமாக இருக்குமோ என்ற சந்தேகமே அவருக்கு வரவில்லை. தன் சொல்லின் மேல் அத்தனை நம்பிக்கை!

அதோடு விட்டாரா? பழைய சில்லுகளை மொத்தமாக நிறுத்திவிட்டுப் புது வடிவத்துக்கு மாறலாமா என்று முடிவு செய்ய, ஒரு மாதம் கழித்துக் கம்பெனியில் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். அங்கே காட்டுவதற்குப் பழைய வேலியின் அட்டூழியத்துக்கு ஒரு நல்ல உதாரணம் வேண்டும். அக்காவின் முதுகுப் புள்ளியைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? "பாருங்க, ஒரு குடும்பத்தையே நடுங்க வச்ச புள்ளி" என்று ஆரம்பிக்கலாம் என்று வழியெல்லாம் பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடியே மருத்துவமனைக்குப் போனார். அக்காவிடமும் சொல்லியிருந்தார். "என் முதுகை வச்சு நீ பேர் வாங்கப் போறே. எனக்கு என்ன பங்கு?" என்று அவள் கேட்டாள்.

கேமரா ஓட்டுகிற அம்மாள் பல வருஷப் பழக்கம். அன்றைக்கு எடுத்த படத்தின் மூலக் கணக்கைத் திறந்து, புள்ளி விழுந்த சதுரம் எந்தச் சக்தியில் எத்தனை கதிரை எண்ணியது என்கிற வரைபடத்தைத் தனியாக எடுத்துக் காட்டினார்.

பழைய வேலியின் ஓரத்துச் சதுரம் எப்படி வரையும் என்று வேலிக்காரருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இடப்பக்கம் முழுக்கச் சரிந்து, துவைக்கப் போட்ட துணிபோல ஒரு குவியல். சிகரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன வீக்கம், அதுவும் சந்தேகத்தோடு. திரையில் இப்போது வந்தது அது இல்லை. ஒல்லியாக, நேராக, உச்சி கூர்மையாக ஒரே ஒரு சிகரம் நின்றது. இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சமும் விலகாமல் நின்றது. இடப்பக்கம் சுத்தமாக இருந்தது.

"அடடா!" என்று வாய்விட்டே சொன்னார். "ஓரத்துச் சதுரமா இது? நடுவுல இருக்கறதுகூட இவ்வளவு சுத்தமா வராதும்மா. யார் சில்லு இது?"

அந்த அம்மாள் சிரித்தார். "என்ன சார் கேக்கறீங்க, உங்களோடதுதான். இந்தப் படம் எடுக்கறதுக்கு முந்தின வாரம் உங்க ஆளுங்க வந்து மாத்திட்டுப் போனாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாங்க..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, சொல்லிட்டேனா?"

"பரவால்ல, பரவால்ல" என்றார் வேலிக்காரர். முகமெல்லாம் பூரிப்பு.

"மாத்தினதுலேர்ந்து ஓரத்துப் புள்ளிங்கற பேச்சே இல்ல சார். ஒண்ணுகூட இல்ல."

அந்த ஒரு நிமிஷம் அவர் சந்தோஷமாக இருந்தார். இத்தனை வருஷம் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்த கோடு ஒரு நிஜக் கேமராவில், ஒரு நிஜ உடம்பின் கதிரை ஓரத்தில்கூடத் தவறவிடாமல் எண்ணியிருக்கிறது. பிறகுதான் யாருடைய உடம்பு என்பது உறைத்தது. அந்த நிமிஷத்துக்காகத் தன்னை மன்னிக்க அவரால் கடைசிவரை முடியவில்லை.

கசிவுக்குச் சிகரம் கிடையாது. சிகரம் இருந்தால் கதிர் இருக்கிறது. கதிர் இருந்தால் மருந்து அங்கே குவிந்திருக்கிறது. மருந்து அங்கே குவிந்திருந்தால்...

"பக்கத்துச் சதுரத்தைக் காட்டுங்கம்மா." காட்டினார். அதிலும் சிகரம், கொஞ்சம் குட்டையாக. "அடுத்த சில்லோட ஓரம்?" அதிலும். "அன்னிக்கு மின்னழுத்தம் சரியா இருந்துச்சா? அறையில ஏசி ஓடிச்சா?" எல்லாம் சரியாக இருந்தது. ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று தேடினார். எந்தக் கோளாறை இத்தனை வருஷம் கரித்துக் கொட்டினாரோ அதையே இப்போது கெஞ்சிக் கேட்டார். பழைய வேலியே, நீ அங்கே இருந்திருக்கக் கூடாதா? என் வேலை இந்த ஒரு தடவை தோற்றுப்போயிருக்கக் கூடாதா? அந்த அம்மாளுக்கும் ஏதோ புரிந்துவிட்டது. படத்தின் மேல் மூலையில் இருந்த பெயரைப் பார்த்தார்.

டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. "இன்னிக்கே கூட்டிட்டு வாங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முதுகுக்குப் பின்னால் துணி மூட்டையை அண்டக்கொடுத்துக்கொண்டு சாய்ந்தவாக்கில் உட்கார்ந்து காலர் அடித்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு மாதத்தில் அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று வேலிக்காரர் அப்போதுதான் பார்த்தார். மாமா உள்ளே திரைக்குப் பின்னால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாடா. என்ன, என் முதுகு எடுபடுமா கூட்டத்துல?"

அவர் நாற்காலியில் கிடந்த சட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அக்கா, அந்தக் கேமராவுல பழைய சில்லு இல்ல."

"பின்னே?"

"என்னோடது. புதுசு. எனக்குத் தெரியாம மாட்டியிருக்காங்க."

மிஷின் இன்னும் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். மேற்கொண்டு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தம்பியின் முகத்தைப் படிக்க அவளுக்கு எந்தக் கேமராவும் வேண்டாம்.

"அப்ப அந்தப் புள்ளி...?"

"நான் தப்பா சொல்லிட்டேன்க்கா. அன்னிக்கே தள்ளிப் படுக்க வச்சு எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான்தான் வேணாம்னுட்டேன். நான்தான்..." மடியில் இருந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ஐம்பது வயது ஆள், யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சட்டையில்.

அக்கா அழவில்லை. கொஞ்ச நேரம் ஊசியிலிருந்து நூலை உருவி உருவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு பரவியிருக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியாது. இன்னிக்கே வரச் சொல்றாங்க."

"சரி." மறுபடி நூலைச் சுற்றினாள். "நீ ஒண்ணுமில்லன்னு சொல்லலேன்னாலும் நான் இந்த மாசம் போயிருக்க மாட்டேன்டா. இவ்வளவு தையலைப் போட்டுட்டு எங்க போறது?" அது பொய் என்று இருவருக்கும் தெரியும். அவர் போகச் சொல்லியிருந்தால் மறுநாளே ஓடியிருப்பாள். வாழ வேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை இருந்தது.

கொஞ்சம் கழித்து, வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள். "அப்ப உன் வேலி வேலை செய்யுது."

"செய்யுதுக்கா."

"ஓரம் சுத்தமா வருதா?"

"சுத்தமா வருது."

"பாத்தியா," என்றாள் அக்கா. "கடைசியில கத்துக்கிட்டே." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொல்லாதே. நீ சொன்னா படம் வரைஞ்சு விளக்குவே."

திரை விலகியது. மடித்த சட்டைகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாமா வந்தார். மச்சானின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "என்னாச்சு? மாப்ளே, முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

அக்கா வழக்கம்போல் அவர் காதுக்காகக் குரலை உயர்த்தினாள். "அவன் சில்லு பாஸாயிடுச்சாம்! இத்தனை வருஷம் பாடுபட்டது. சந்தோஷத்துல அழறான்!"

மாமாவின் முகம் மலர்ந்தது. சட்டைகளை மேசையில் வைத்துவிட்டு வந்து, வேலிக்காரரின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். "எனக்குத் தெரியும் மாப்ளே. என்னிக்காவது ஒரு நாள் நீ ஜெயிப்பேன்னு உங்கக்கா சொல்லிட்டே இருப்பா" என்றார். அவர் கைகள் இஸ்திரிச் சூட்டில் கதகதப்பாக இருந்தன. வேலிக்காரர் அக்காவைப் பார்த்தார். அவள் மிஷினுக்கு உறை போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.